சமைக்காத ரீடிங்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு லேப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்று உங்கள் துறைத் தலைவர் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இயற்பியல் விரிவுரையாளர்களில் பாதிப் பேருக்கு லேப் என்பது மதியத் தூக்கத்தைக் கெடுக்கும் மூன்று மணி நேரம். நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். என்ன கருவி வாங்குவது, எத்தனை சோதனை வைப்பது என்பதற்கெல்லாம் கமிட்டி இருக்கிறது. அது டீ குடித்துவிட்டு நல்ல முடிவாக எடுக்கும். நான் சொல்லப் போவது ஒரே ஒரு நாளைப் பற்றி. என் வேலைக் காலம் முழுவதிலும் நான் வாயடைத்து நின்ற நாள் அது.

நான் அப்போது செகந்திராபாத்தில் ஒரு கல்லூரியில் இருந்தேன். மாரெட்பள்ளியிலிருந்து சைக்கிளில் வரும் ஆபீசர் வீட்டுப் பிள்ளைகள், லாலாகூடா ரயில்வே குடியிருப்பிலிருந்து நடந்து வரும் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் என்று எங்கள் வகுப்பு கலவையாக இருக்கும். பாலாநகர் பக்கம் மத்திய அரசுத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த காலம். பி.எஸ்ஸி. முதல் வகுப்பு வாங்கினால் வேலை என்ற பேச்சு எல்லா வீட்டிலும் இருந்தது.

எங்கள் லேப்பில் நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி ஒரு பெரிய அட்டை மாட்டியிருக்கும். எந்தச் சோதனைக்கு என்ன விடை வர வேண்டும் என்ற பட்டியல் அது. உள்ளே வரும் மாணவன் கருவியைப் பார்க்க மாட்டான், அட்டையைப் பார்ப்பான். விடை தெரிந்த பிறகு அதிலிருந்து பின்னால் நடந்து போய் ரீடிங்கை எழுதிவிடுவான். இதற்குப் பிள்ளைகள் வைத்த பெயர் சமையல். கைதேர்ந்த சமையல்காரன் கொஞ்சம் பிழையையும் அளவாகச் சேர்ப்பான். 980 வர வேண்டிய இடத்தில் 979.7 எழுதுவான். நாங்களும் ருசி பார்த்துவிட்டு மார்க் போடுவோம்.

இந்த 980 என்பது புவியீர்ப்பின் அளவு. மேலிருந்து விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு எத்தனை சென்டிமீட்டர் கூடுகிறது என்று சொல்லும் எண். ஜி என்போம். ஊசலை ஆடவிட்டு, நேரம் பார்த்து, கணக்குப் போட்டால் வரும். எங்கள் புத்தகங்களில் அது 980. எங்கள் ரெக்கார்டு நோட்டுகளிலும் வருடா வருடம் 980.

ஒரு கட்டத்தில் எனக்கு இது சலித்துவிட்டது. கோபமும் வந்தது என்றே சொல்ல வேண்டும், பிள்ளைகள் மேல் பாதி, என் மேல் பாதி. அங்கே இருந்த துறைத் தலைவரிடம் போய், அட்டையைக் கழற்றிவிடலாம், இருபத்துநான்கு சோதனைகளை எட்டாகக் குறைக்கலாம், ஒவ்வொன்றுக்கும் மூன்று வாரம் கொடுக்கலாம், விடைக்குப் பக்கத்தில் அது எவ்வளவு தூரம் தவறாக இருக்கக்கூடும் என்று மாணவனே எழுத வேண்டும் என்றேன். அவர் அதிகம் பேசாத தெலுங்குக்காரர். மூக்குப்பொடி டப்பாவைத் திறந்து மூடிக்கொண்டே கேட்டார். ஒரு வருடம் செய்து பார், பரீட்சையில் மார்க் குறைந்தால் அட்டையை நீயே ஆணியடித்து மாட்ட வேண்டும் என்றார்.

பிள்ளைகளுக்கு இது அடியோடு பிடிக்கவில்லை. அட்டையைக் கழற்றினேனே தவிர, அது அவர்கள் தலைக்குள் பத்திரமாக மாட்டியிருந்தது. வருடம் முழுக்க 980-கள் வந்தபடியே இருந்தன. ஒரே ஒருத்திதான் நான் சொன்னதை அப்படியே நம்பினாள்.

அவள் பெயர் கஸ்தூரி. அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், அரக்கோணத்துக்காரர். அந்த வருடம் ஓய்வு பெறுகிறார். ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், ஊருக்குத் திரும்ப வேண்டும், படித்துக்கொண்டிருந்த இரண்டு தம்பிகளின் பள்ளிக்கூடமும் போகும். பாலாநகரில் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைப் பிரிவில் கஸ்தூரியை எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரே நிபந்தனை, பிராக்டிகலில் முதல் வகுப்பு வேண்டும். ஐம்பதுக்கு முப்பது. அந்தக் கடிதத்தை அவள் என்னிடம் காட்டியிருந்தாள்.

அவளிடம் ஒரு விசித்திரமான பழக்கம். லேப்பில் ஆறு ஸ்டாப் வாட்ச் இருந்தன. மூன்றாம் நம்பர் சரியாக ஓடாது என்பது ஊரறிந்த விஷயம். கருவிகளை எடுத்துக்கொடுக்கும் லேப் உதவியாளர் யூசுஃப் பாய், "தீன் நம்பர் நக்கோ", மூன்றாம் நம்பர் வேண்டாம் என்று சொல்லி அதை ஒதுக்கி வைத்துவிடுவார். கஸ்தூரி மட்டும் தினமும் அதைத்தான் கேட்டு வாங்குவாள். கருவிகள் எதுவும் வெளியே போகக் கூடாது என்பது விதி. அதனால் துறைத் தலைவர் அறையில் இருந்த ரேடியோவுக்குப் பக்கத்தில் அதை வைத்து, செய்திக்கு முன் வரும் பீப் ஒலியோடு ஒரு மாதம் ஒப்பிட்டுப் பார்த்தாள். மணிக்கு இரண்டு வினாடி பின்தங்குகிறது என்று கண்டுபிடித்தாள். பிறகு அதோடு அவளுக்கு ஒரு ஒட்டுதலே வந்துவிட்டது.

பரீட்சை நாள் வந்தது. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் வாரங்கலில் ஒரு கல்லூரியில் மூத்த பேராசிரியர். தஞ்சாவூர்க்காரர். கறார் என்று பெயர் எடுத்தவர், ஆனால் நேர்மையானவர். உள் எக்ஸாமினர் நான். மார்க் ஷீட்டில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும்.

காலைப் பிரிவில் ஜி காணும் சோதனை மூன்று பேருக்கு விழுந்தது. ஒருவனுக்கு நூலில் குண்டு கட்டிய சாதாரண ஊசல், ஒருவனுக்குச் சுருள்வில், கஸ்தூரிக்கு இரண்டு முனையிலும் தொங்கவிடக்கூடிய இரும்புத் தண்டு ஊசல். மற்ற இருவரும் இருபது ஆட்டம் எண்ணிவிட்டு 980.1, 979.8 என்று எழுதிக் கொடுத்துப் போய்விட்டார்கள். கஸ்தூரி தண்டின் ஒவ்வொரு முனைக்கும் ஐந்நூறு ஆட்டம் எண்ணினாள். கடைசி மணி அடிக்கும்போதுதான் பேப்பரைக் கொடுத்தாள். விடை 978.4 என்றும், இது 0.6 கூடலாம் அல்லது குறையலாம் என்றும் எழுதியிருந்தாள்.

எக்ஸாமினர் அதில் சிவப்பு வட்டம் போட்டார். பிறகு கணக்கைப் பின்னோக்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. வாட்ச்சின் திருத்தத்தைச் சேர்ப்பதற்கு முன் அவள் விடை 979.5. திருத்திய பிறகு 978.4. புத்தகத்துக்குப் பக்கத்தில் வந்த விடையை ஒருத்தி வேண்டுமென்றே தள்ளி வைத்திருக்கிறாள்.

"ஏம்மா, 979.5 வந்திருக்கு. அப்படியே விட்டிருந்தா முழு மார்க். எதுக்குக் கெடுத்தே?" என்றார்.

"வாட்ச்சு லேட்டா ஓடுது சார். மணிக்கு ரெண்டு செகண்டு."

"தெரிஞ்சா வேற வாட்ச் எடுக்கறதுதானே?"

"மூணாம் நம்பர் எவ்ளோ தப்புன்னு எனக்குத் தெரியும் சார். மத்ததுங்க எவ்ளோ தப்புன்னு தெரியாது."

அவர் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார். அவளை வெளியே அனுப்பிவிட்டு, இல்லாத ஒரு திருத்தத்தைச் சேர்த்து ரீடிங்கைத் திரித்திருக்கிறாள் என்றார். அன்று காலையில் சமைக்காத ஒரே ஆள் மேல் சமைத்த குற்றம். இருபத்தெட்டு என்று பென்சிலால் எழுதி, ஷீட்டை என் பக்கம் தள்ளினார்.

"நீங்களே சொல்லுங்கோ. இந்த ஊர்ல ஜி எவ்வளவு?" என்று கேட்டார்.

நான் 980 என்று சொல்ல வாயைத் திறந்தேன். உண்மையாகவே திறந்தேன். அந்த நொடியில் ஒன்று உறைத்தது. ஆறு வருடம் இந்த ஊரில் பாடம் நடத்துகிறேன். இந்த ஊரின் ஜி எவ்வளவு என்று நான் ஒரு நாளும் அளந்ததில்லை. நான் படித்த காலத்தில் எனக்கு வேறு ஏதோ எண் வந்து, அதைப் பயந்துபோய் 980 ஆக்கியதும் ஞாபகம் வந்தது. மறுத்துக் கையெழுத்துப் போடாமல் இருந்தால் முப்பது பிள்ளைகளின் மார்க்கும் பல்கலைக்கழகத்தில் முடங்கும். போட்டால் ஒரு குடும்பம் அரக்கோணத்துக்கு ரயில் ஏறும். எந்தப் பக்கம் போனாலும் கழற்றிய அட்டை சுவருக்குத் திரும்பிவிடும்.

உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். அப்போது தெரிந்த மாதிரி நடிக்கத்தான் நாக்கு துடிக்கும். என் அதிர்ஷ்டம், எனக்கு நடிக்கத் தெம்பில்லை.

"தெரியாது சார். ஊசல் இங்கேயேதான் தொங்குது. சாப்பாட்டு நேரத்துல நாம அளந்து பாத்துடலாமா?" என்றேன்.

அவர் என்னை முறைத்தார். பிறகு கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். எங்கள் லேப் வாட்ச் வேண்டாம், தன் கைக்கடிகாரம் போதும் என்றார். அவருக்கு அதன் மேல் பெரிய பெருமை. தினமும் காலையில் ரேடியோவோடு சரிபார்ப்பாராம், ஒரு வினாடி பிசகாதாம். நான் ஆட்டத்தை எண்ண, அவர் முள்ளைப் பார்த்தார். ஐந்நூறு முடிந்ததும் தண்டைத் தலைகீழாக மாட்டி இன்னொரு ஐந்நூறு. டீ கொண்டுவந்த யூசுஃப் பாய் டம்ளர்களோடு அசையாமல் நின்றார். அந்த அறையில் என் எண்ணும் குரலைத் தவிர எதுவும் கேட்கவில்லை.

கணக்கை நான் கரும்பலகையில் போட்டேன். 978.6 வந்தது. அரை எண், முக்கால் எண் அப்படி இப்படிப் போனாலும் 980 இல்லை.

அவர் எழுந்து வந்து பலகைக்கு முன்னால் நின்றார். தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னார். பூமி நடுவில் புடைத்திருக்கிறது, நாம் பூமத்திய ரேகைக்குக் கிட்டே இருக்கிறோம், போதாததற்குக் கடலிலிருந்து ஐந்நூறு மீட்டருக்கு மேல் உயரமான பீடபூமியில் நிற்கிறோம், இரண்டும் சேர்ந்தால் ஜி குறையத்தானே வேண்டும் என்றார். இது எங்கள் இருவருக்கும் பாடமாகத் தெரியும். இருபது தடவை நடத்தியிருப்போம். ஆனால் எங்கள் சொந்தக் கால் அதன் மேல்தான் நின்றுகொண்டிருக்கிறது என்பது எங்களுக்கு உறைத்ததே இல்லை.

துருப்பிடித்த ஒரு இரும்புத் தண்டு, பூமியின் வடிவத்தையும் இந்த ஊரின் உயரத்தையும் செகந்திராபாத்தில் ஒரு அறைக்குள் தொங்கிக்கொண்டே சொல்லியிருக்கிறது. வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. நாங்கள்தான் ஒவ்வொரு தடவையும் அதன் பேச்சை அடித்துத் திருத்தி 980 என்று எழுதியிருக்கிறோம்.

சந்தோஷத்தில் நான் ஒரு மடத்தனம் செய்தேன். பலகையை அழிக்காமல், அவரைத் துறைத் தலைவர் அறைக்குச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனேன். நாங்கள் தயிர்சாதத்தை முடித்து வருவதற்குள் மதியப் பிரிவு உள்ளே வந்துவிட்டது. அவசரமாகப் பலகையை அழித்தேன். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மாலையில் பேப்பர்கள் வந்தன. அதே மூன்று மேசை, வேறு மூன்று பிள்ளைகள். 978.6, 978.5, 978.6. சுருள்வில்லை வைத்து எந்தக் கொம்பனாலும் அவ்வளவு நுட்பமாக அளக்க முடியாது. அந்தப் பையன் 978.6 என்று எழுதி அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தான். கூப்பிட்டுக் கேட்டதற்கு, "போர்டுல இருந்துச்சே சார்" என்றான், நான் ஏதோ மறந்துவிட்டவன் மாதிரி. அட்டையைக் கழற்றிவிட்டேன் என்று மார்தட்டியவன், அதே நாளில் என் கையாலேயே புது அட்டை எழுதி மாட்டியிருந்தேன்.

எக்ஸாமினர் மூன்று பேப்பரையும் கஸ்தூரியின் பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மதியத்து வெளிச்சம் அவர் முகத்திலிருந்து போய்விட்டது. உப்பல் பக்கம் பூமியை அளக்கிற ஆய்வுக்கூடம் இருக்கிறது, அங்கே இந்த எண் தெரியாமலா இருக்கும், யாராவது சொல்லிக் காலையில் அவள் எழுதியிருக்கலாம் இல்லையா, ஒருவேளை நீங்களேகூடச் சொல்லியிருக்கலாம் என்றார். நான் சத்தியம் செய்யலாம். செய்து என்ன பயன்? சரியான எண் கையில் இருப்பது, அளந்ததற்குச் சாட்சி ஆகாது. அதை மதியப் பிள்ளைகள் மூன்று பேரும் எங்களுக்கு நன்றாகவே காட்டிவிட்டார்கள்.

அவளைக் கூப்பிடுங்கள் என்றார்.

கஸ்தூரி காலையிலிருந்து வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். சாப்பிட்டிருக்க மாட்டாள் என்று பார்த்ததுமே தெரிந்தது. மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். எக்ஸாமினர் அவளிடம் மிகவும் இனிமையாகப் பேசினார்.

"காலையில நான்தான் தப்பு. நாங்க ரெண்டு பேரும் அளந்துட்டோம். இங்க ஜி 978.6. உன்னோடது 978.4-ன்னு இருக்கு. அதை 978.6-ன்னு மாத்தி எழுதிக் குடு, ஐம்பதுக்கு ஐம்பது போட்டுடறேன்" என்று சொல்லி, பேனாவைத் திறந்து நீட்டினார்.

அவள் பேனாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். நான் கண்ணசைத்தால்கூட அது இன்னொரு அட்டை ஆகிவிடும்.

"மாத்த வேணாம் சார். எனக்கு வந்தது 978.4" என்றாள்.

"அப்ப நாங்க அளந்தது தப்புங்கறியா?"

"இல்ல சார். ரெண்டும் சரியாவும் இருக்கலாம். சரியா எவ்ளோன்னு எனக்குத் தெரியாது." மேசையில் இருந்த தன் பேப்பரைப் பார்த்தாள். "980 இல்லைன்னு மட்டும் தெரியும்."

நீட்டிய பேனா அப்படியே நின்றது. நான் படித்த புத்தகங்கள், நடத்திய வகுப்புகள், வாங்கிய பட்டங்கள் எதிலும் இயற்பியலை இவ்வளவு சுத்தமாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. வேலை, வீடு, தம்பிகளின் படிப்பு எல்லாம் ஒரு இலக்கத்தின் மறுபக்கத்தில் நிற்கிறது. அந்த இலக்கத்தைத் தான் அளந்து பார்க்கவில்லை என்பதால் ஒரு பெண் அதைத் தொட மறுக்கிறாள். எனக்குக் கும்பிட வேண்டும் போல இருந்தது. வாத்தியார் என்பதால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

எக்ஸாமினர் பேனாவைத் தன் பக்கம் திருப்பினார். பென்சிலில் எழுதிய இருபத்தெட்டை அடித்துவிட்டு, மையால் நாற்பத்தொன்பது என்று எழுதினார். மீதி ஒன்று எதற்கு என்று நான் கேட்கவில்லை. கறார் மனிதர், அவருக்கும் ஏதாவது மிச்சம் வேண்டும். சிவப்பு வட்டத்தின் மேல் கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். போய்ச் சாப்பிடும்மா என்றார். அவள் மார்க்கைத் தலைகீழாகவே படித்துவிட்டாள் என்பது, வாசல் வரைக்கும் மெதுவாகப் போனவள் அதற்கப்புறம் ஓடிய சத்தத்தில் தெரிந்தது. அடுத்த மாதமே பாலாநகர் வேலையில் சேர்ந்தாள்.

மதியப் பிள்ளைகளை என்ன செய்வது என்று கேட்டேன். அவர்கள் மேல் என்ன தப்பு, போர்டில் எழுதியது நாம்தானே, நாளைக் காலை மறுபடி அளக்கச் சொல்லலாம் என்றார். காலைப் பிரிவின் மார்க் ஷீட்டில் நானும் கையெழுத்துப் போட்டேன். அவர் கோட்டை மாட்டிக்கொண்டார், ஆனால் கிளம்பவில்லை. காலிக் கரும்பலகையைப் பார்த்தபடி நின்றார்.

"இருபது வருஷமா எக்ஸாமினரா போயிண்டிருக்கேன் சார். இந்தப் பக்கத்துக் காலேஜ் அத்தனையிலயும். 978-ன்னு எழுதினவா எத்தனை பேருக்கு வட்டம் போட்டிருப்பேன்?"

நானும் ஆறு வருடம் வட்டம் போட்டிருந்தேன். எண்ணிப் பார்த்தேன். சில முகங்கள் ஞாபகத்துக்கு வந்தன, வட்டத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு ரப்பரைத் தேடிய முகங்கள்.

"தெரியாது சார்" என்றேன்.